இலங்கை நாட்டார் இசையில் ஆபிரிக்கர் பங்கு: ஒரு மறுநோக்கு

நாட்டார் பாடலுக்கு ஆக்கியோன் இல்லை என்பது நாட்டாரியல் பயிலும் மாணவன் முதன்முதற் கற்கும் பாடமாகும். ஒருவர் வாயிற் பிறந்து, பலர் வாயில் வளர்ந்து, இறுதியில் எல்லார்க்கும் உரியதாகிவிடும் பாடலே நாட்டார் பாடல் என்பது அப்பாடத்தின் சாரம். இக்கொள்கை பொதுவிற் சரியானதே. ஆயினும் 'எல்லார்' என்னும் சொல்லினுள் எவரெவர் அடங்குவர் என்ற வினா எழும்போது அது தடுமாறத் தொடங்குகின்றது. பாடலை ஆக்கிய தனி மனிதனின் பெயர் மறைவது ஒன்று. அதனை ஆக்கிய மக்கட் கூட்டத்தின் பெயரே மறைவது வேறொன்று. முன்னது நாட்டார் கலையின் இயல்பு. பின்னது வரலாற்றின் குறை. சில வேளைகளில் ஆய்வாளரின் குறையுமாகும். இலங்கை நாட்டார் இசையில் ஆபிரிக்க வழிவந்தோர் பெற்றுள்ள இடம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதையும், அந்நிலைக்குத் தமிழ் நாட்டாரியலின் ஆய்வு முறையும் ஒரு காரணம் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி இராச்சியமும் ஆபிரிக்கரும்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மகாவலி கங்கையைக் கடந்தால் கன்னொறுவை. 1638ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனின் படை, தியோகோ டி மெலோவின் தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படையை அவ்விடத்தில் முற்றாக அழித்தது. இப்போரைப் பற்றிப் பேசுவோர் சிங்களவரையும் போர்த்துக்கேயரையும் மாத்திரமே குறிப்பிடுவது வழக்கம். ஆனால் போர்த்துக்கேயர் இலங்கையில் நடத்திய போர்களில் ஆபிரிக்க வீரரும் பணிபுரிந்தனர். மொசாம்பிக் முதலிய கிழக்காபிரிக்கக் கரைகளிலிருந்து, பெரும்பாலும் கோவா வழியாக, அடிமைகளாகவும் படையாட்களாகவும் அவர்கள் கொண்டுவரப்பட்டனர்.

அவர்கள் அந்நியர் பக்கத்தில் மட்டும் நின்றவர்களும் அல்லர். 1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயனான றொபேட் நொக்ஸ், தான் 1681இல் வெளியிட்ட நூலில் அரசனின் மெய்க்காவலரைப் பற்றி விரிவாகக் கூறுகிறான். அரசன் தன் சொந்தக் குடிகளைக் காட்டிலும் ஆபிரிக்கரிடத்தே கூடுதலான நம்பிக்கை வைத்திருந்தான் என்பதும், அவனது படுக்கையறை வாயிலைக் காத்தவர் அவர்களே என்பதும் அந்நூலால் அறியப்படும் செய்திகள். மலைநாட்டரசின் மிக உள்ளான வாயிலில் நின்றவர்கள் ஆபிரிக்கர் என்ற இச்செய்தி கண்டியின் பண்பாட்டு வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை.

ஒல்லாந்தர் காலத்திற் கொழும்பில் ஆபிரிக்க அடிமைகள் பெருந்தொகையாக வேலை வாங்கப்பட்டனர். இரவில் அவர்கள் அடைக்கப்பட்ட இடம் ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்றே நெடுங்காலம் வழங்கியது. தமிழில் அதே இடத்திற்குக் கொம்பனித்தெரு என்று பெயர். அடிமையை நினைவூட்டும் பெயர் ஒரு மொழியிலும், அடிமையை வைத்திருந்த வணிகக் கொம்பனியை நினைவூட்டும் பெயர் மற்றொரு மொழியிலும் நின்றுவிட்டமை சிந்திக்கத்தக்கது.

பின்னர் பிரித்தானியர் ஆபிரிக்கரைக் கொண்டு தனிப் படைப்பிரிவுகளையே அமைத்தனர். 1803இற் கண்டியைப் பிடித்த பிரித்தானியப் படை, அவ்வாண்டு யூன் மாதத்தில் மகாவலிக் கரையிலுள்ள வட்டபுளுவவில் அழிந்தது. 1815இற் கண்டி வீழ்ந்தது. 1818இற் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அக்காலப் பகுதியிற் பிரித்தானியர் சேவையில் மலாயரும் ஆபிரிக்கரும் இருந்தனர். எனவே கன்னொறுவைக் காலத்திலிருந்து கண்டியின் வீழ்ச்சி வரை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் இந்நாட்டின் போர்களிலும் அரண்மனையிலும் ஆபிரிக்கர் இருந்தனர் எனலாம். இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவு 1873இற் கலைக்கப்படுவதற்கு முன்னரே, புத்தளத்தில் நிலைகொண்டிருந்த ஆபிரிக்கப் படையினர் பலர் சேவையிலிருந்து நீங்கி அவ்வூர்ப் பகுதியிற் குடியமர்ந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்களிற் பலர் இன்றும் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கின்றனர். சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு கொண்டு, சிங்களமும் தமிழும் பேசி, கத்தோலிக்கராய் வாழும் சிறு சமூகம் அது. கண்டியை நோக்கி நடந்த படையின் இசையைத் தேடுவோர் இன்று செல்லவேண்டிய இடம் அந்தச் சிற்றூரே.

பெயர் கூறும் சான்று

காப்பிரியர் என்று தமிழில் வழங்கும் பெயர், இறைமறுப்பாளனைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று போர்த்துக்கேயர் வாயிலாக வந்தது. தென்னாபிரிக்காவில் அச்சொல் கொடிய வசையாகும். இலங்கையில் அச்சமூகத்தினர் தம்மைச் சுட்டவும் அதனைப் பயன்படுத்துகின்றனர். அச்சொல்லே ஓர் இசை வடிவத்தின் பெயராகவும் நிலைத்துள்ளது. காப்பிரியரைக் குறிக்கும் சொல்லோடு சிறுமையையும் செல்லத்தையும் உணர்த்தும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்து 'கபிரிஞ்ஞா' ஆயிற்று. விரைந்த தாளமும், சோடியாக ஆடும் ஆட்டமும், போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடலும் கூடிய கலை அது.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேய வழிப் பறங்கியர் தம் திருமண வீடுகளிற் கபிரிஞ்ஞாவை ஆடி வந்துள்ளனர். 19ஆம் நூற்றாண்டிற் சிங்கள, தமிழ் ஏடுகளைத் தேடித் திரட்டிய ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரியின் சேகரிப்பில் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோற் பாடல்களின் கையெழுத்துப் பிரதியும் ஒன்றுண்டு. அதன் ஒரு பகுதி ஆபிரிக்கரின் பாடல்கள் என்றே தலைப்பிடப்பட்டுள்ளது. பாடல்களை எழுதிவைத்தோர் அவை எவருடையவை என்பதை அறிந்திருந்தனர் என்பதற்கு இத்தலைப்பே சான்று.

கபிரிஞ்ஞாவின் நடையைச் சிங்களச் சொற்களுக்கு ஏற்றியதன் மூலம் வளர்ந்ததே இன்றைய பைலா. ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லினின்று பைலா என்ற பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியான் அதனைச் சிங்கள மக்களிசையாக நிலைபெறச் செய்தார், எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அதனை நாடெங்கும் பரப்பினர். ஒரு பொருளைக் கொடுத்து இருவர் எதிரெதிர் நின்று பாட்டுக் கட்டும் வாத பைலா, தமிழ்க் கிராமங்களின் எசப்பாட்டை நினைவூட்டுவது. இவ்வளர்ச்சியில் ஒரு மாற்றம் மறைவாக நிகழ்ந்தது. கபிரிஞ்ஞா என்ற பெயரில் ஆபிரிக்கர் இருந்தனர். பைலா என்ற பெயரில் அவர்கள் இல்லை. இசை பரவப் பரவ அதனைத் தந்தோரின் அடையாளம் பெயரிலிருந்தே கழன்றுவிட்டது. இன்று பைலாவை விரும்புவோரும் வெறுப்போரும் ஒருங்கே அதனைப் 'போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற இசை' என்கின்றனர். கப்பலின் சொந்தக்காரன் பெயர் நினைவில் நிற்கிறது. கப்பலின் அடித்தட்டில் வந்தவன் பெயர் மறக்கப்பட்டது.

மஞ்சாவின் கலைத்தன்மை

சிரம்பியடி மக்கள் பாடும் பாடல் மஞ்சா எனப்படும். றபான், டோலக்கு ஆகியவற்றோடு, கரண்டியாலோ நாணயத்தாலோ தட்டப்படும் கண்ணாடிப் போத்தலும், ஒன்றோடொன்று மோதப்படும் தேங்காய்ச் சிரட்டைகளும் அதன் பக்க இசையாகும். பாடல் மெதுவாகத் தொடங்குகின்றது. ஒரு சில அடிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் தாளம் சிறிது விரைகின்றது, கைதட்டு வலுக்கின்றது, இருந்தவர்கள் எழுந்து ஆடத் தொடங்குகின்றனர். தாளம் தன் உச்சத்தை அடையும்போது பாடுவோர், ஆடுவோர், பார்ப்போர் என்ற பிரிவு மறைந்துவிடுகின்றது.

பாடல்களின் மொழி இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். அச்சமூகத்தின் அன்றாடப் பேச்சில் இன்று அம்மொழி வழக்கொழிந்துவிட்டது. முதியோர் சிலருக்கே பொருள் ஓரளவு தெரியும். இளையோர் ஒலியாகவே கற்றுப் பாடுகின்றனர். இதனைக் காட்டி, பொருள் அறியாது பாடப்படுவது உயிருள்ள மரபாகாது எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்று இசையைச் சொல்லின் நிழலாகக் கருதுவதால் விளைவது. மட்டக்களப்புக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் உரிய தாளக்கட்டு உண்டு. அத்தாளக்கட்டின் அசைகளுக்கு அகராதியிற் பொருள் இல்லை. ஆயினும் அரசன் வருகிறானா, கட்டியகாரன் வருகிறானா என்பதை அவ்வசைகளே ஊருக்கு அறிவித்துவிடுகின்றன. பொருளின்றியும் பொருளுணர்த்தும் ஆற்றல் தாளத்திற்கு உண்டு என்பதைக் கூத்து மரபுடைய தமிழர்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மஞ்சாப் பாடலைத் தாளில் எழுதிப் படித்தால் அது மிக மெலிந்த பாடலாகவே தோன்றும். உவமையோ அணியோ அதிற் குறைவு. கூறியது கூறலே மிகுதி. ஆனால் கூறியது கூறல் அங்கு குற்றமன்று, அதுவே அமைப்பு. சொல் மாறாது நிற்பதனாலேயே தாளத்தின் மாற்றம் துலக்கமாகக் கேட்கின்றது. ஒரே அடி நான்காம் முறை வரும்போது கேட்போன் சொல்லைத் தேடுவதை விட்டுவிடுகிறான். காலும் கையும் கேட்கத் தொடங்குகின்றன. இப்பாடலுக்குரிய இலக்கணம் யாப்பன்று, விரைவு. இவ்விலக்கணத்தை உணராது யாப்பைக் கொண்டு அளப்பவன், முழவின் சிறப்பை அதன் மேல் வரைந்த கோலத்தைக் கொண்டு மதிப்பிடுபவனை ஒப்பான்.

இந்திய மண்ணிலும் இதற்கு இணையுண்டு. குசராத்தில் வாழும் ஆபிரிக்க வழியினரான சித்திகள், இரத்தன்பூரிலுள்ள பாவா கோர் தர்காவில் முகர்மான் என்னும் பெருமுழவும் மலுங்கா என்னும் வில்லிசைக் கருவியும் கொண்டு ஆடிப்பாடுகின்றனர். அவர்தம் பாடல்களில் ஆங்காங்கே சுவாகிலிச் சொற்கள் எஞ்சியுள்ளன. மொழி போயினும் முழவு நின்றது. வட அமெரிக்காவிலோ முழவுமே பறிக்கப்பட்டது. 1739இல் நிகழ்ந்த அடிமைக் கிளர்ச்சியை அடுத்து, தென் கரோலினாவில் 1740இல் இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் பறை வைத்திருப்பதைத் தடைசெய்தது. தாளம் அதனால் இறக்கவில்லை. கைதட்டுக்கும் கால் மிதிப்புக்கும் இடம்பெயர்ந்து வாழ்ந்தது. புத்தளத்துப் போத்தலையும் சிரட்டையையும் வறுமையின் அடையாளமாக மாத்திரம் காண்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிடைத்ததைக் கருவியாக்குவோன் இசையைக் கைவிடாதவன்.

சொல்லைத் தேடிய நாட்டாரியல்

இத்தகைய இசை தமிழ் நாட்டாரியலின் பார்வைக்கு ஏன் எட்டவில்லை என்ற வினாவுக்கு விடை, அவ்வாய்வு நடந்த வழியிலேயே உள்ளது. தமிழில் நாட்டார் பாடலைத் தேடிச் சென்றோர் பெரும்பாலும் இலக்கிய மாணவர்கள். தாலாட்டு, ஒப்பாரி, ஏர்ப்பாட்டு, அரிவிவெட்டுப் பாட்டு, கும்மி, கவி என வகைபிரித்து அவர்கள் திரட்டியவை அரிய செல்வங்கள். அவர்கள் திரட்டாவிடில் அவற்றிற் பல அழிந்திருக்கும். ஆயினும் அச்சேறிய தொகுப்புகளிற் பெரும்பாலானவை சொற்களையே தந்தன; மெட்டையும் தாளத்தையும் தரவில்லை. பாடல் தாளுக்கு வந்தபோது செய்யுளாயிற்று; செய்யுளானதும் அதன் சிறப்பு உவமையிலும் எதுகையிலும் தேடப்பட்டது. இம்முறையினால் ஒரு விளைவு தவிர்க்கவியலாததாயிற்று. தமிழ்ச் சொல்லாகத் தம் பங்கைத் தந்தோர் தொகுப்பில் இடம்பெற்றனர். தாளமாகத் தந்தோர் இடம்பெறவில்லை. மட்டக்களப்பு நாட்டார் பாடல் என்றவுடன் நினைவுக்கு வருவன அங்குள்ள தமிழரதும் முஸ்லிம்களதும் பாடல்களே. அதே ஊரில், அதே வாவிக் கரையில், தமிழையும் பேசும் பறங்கியர் ஆடிய கபிரிஞ்ஞா அப்பெயருள் அடங்குவதில்லை.

இக்குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1916க்கும் 1918க்கும் இடையில் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நாட்டுப் பாடல் திரட்டிய ஆங்கில அறிஞர் செசில் சார்ப், பழைய ஆங்கிலப் பாடல்களைத் தேடியே சென்றார். ஆகையாற் பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளிலேயே அவர் பாடல் கேட்டார். அம்மலைகளில் ஒலித்த பாஞ்சோ என்னும் நரம்புக்கருவியோ ஆபிரிக்க அடிமைகள் தம் நினைவிலிருந்து சுரைக்குடுக்கையும் தோலும் கொண்டு அமைத்துத் தந்தது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பரின் இசைக்கு ஒரு பட்டியலும் மலைநாட்டு வெள்ளையரின் இசைக்கு வேறொரு பட்டியலும் வகுத்தன. ஒரே கருவியை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று இசைத்தோர், விற்பனைப் பட்டியலில் இருவேறு உலகத்தினராயினர். தேடுவோன் எதைத் தேடுகிறானோ அதுவே கிடைக்கும். கிடைத்ததே மரபென்று பெயர்பெறும். நாட்டாரியலில் முற்கோள் இவ்வாறே வரலாறாகின்றது.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் இதற்கு மற்றொரு வகையிற் சான்று பகர்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' வெளிவரும் வரை, தோட்டத் தொழிலாளரைக் கொழுந்து பறிக்கும் கைகளாக அறிந்தோர் பலர். பாடும் வாய்களாக அறிந்தோர் சிலரே. அப்பாடல்களின் சொற்கள் இன்று ஏட்டில் உள்ளன. அவற்றோடு ஒலிக்கும் தப்பின் அடிவகைகள் அவ்வாறு ஏறவில்லை. தப்படிப்போன் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவன் என்பது இதற்குத் தொடர்பில்லாத செய்தியன்று. உடலுழைப்புக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டோரின் கலையும் உடலுழைப்பாகவே கருதப்படுகின்றது. அடிப்பது தொழில், பாடுவது கலை என்ற இப்பிரிவினையே தப்பையும் மஞ்சாவையும் ஒருங்கே வாயிலுக்கு வெளியில் நிறுத்துகின்றது.

பொப்பிசையும் திறனாய்வாளரும்

தமிழர் இவ்விசையிலிருந்து விலகி நின்றனர் என்றும் கூறவியலாது. 1960களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கையில் வளர்ந்த தமிழ்ப் பொப்பிசை பைலாவின் நடையைப் பெரிதும் தழுவியது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பாடல்கள் வானொலி வழியாகவும் மேடைகள் வழியாகவும் யாழ்ப்பாணம் முதற் கண்டி வரை பரவின. மனோகரன் தமிழகத்திற் பரப்பிய 'சுராங்கனி' என்னும் பைலாப் பாடல், 1977இல் இளையராசா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. கிழக்காபிரிக்கக் கரையிலிருந்து அடிமைக் கப்பலில் வந்தோரின் கைகளில் உரம்பெற்ற ஒரு நடை, கிரியோலிலிருந்து சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து தமிழுக்கும், கொழும்பிலிருந்து சென்னைக்கும் சென்ற பயணம் அது.

பொப்பிசையைத் தமிழ்த் திறனாய்வு எதிர்கொண்ட விதம் நிறைவுடையதன்று. ஒரு சாரார் அதனை மேனாட்டுக் குப்பை என ஒதுக்கினர். மற்றொரு சாரார் அதிலுள்ள பேச்சுவழக்கையும் நகைச்சுவையையும் பாராட்டி, அது சாதாரண மக்களின் குரல் என்றனர். முதற் சாரார் அதன் பிறப்பிடத்தைத் தவறாக அறிந்தனர். மேனாட்டார் எனப்பட்டோர் உண்மையில் இந்நாட்டு அடிமைகளும் அவர்தம் அயலவருமாவர். இரண்டாஞ் சாரார் மீண்டும் சொல்லையே பார்த்தனர். அச்சொல்லைத் தூக்கிச் செல்லும் தாளம் எவருடையது என வினவவில்லை. பழித்தோரும் புகழ்ந்தோரும் ஒரே இடத்திற் காது கேளாதவராயினர்.

இரு மறுப்புகள்

இவ்வாதத்திற்கு எதிராக இரு மறுப்புகள் எழக்கூடும். பைலாவின் அடிப்படை, ஆறு சிற்றெண்ணிக்கைகள் மும்மூன்றாகப் பிரிந்து வரும் நடை. இது ஐரோப்பிய ஆடலிசையிலும் உண்டு; தமிழிசையின் திச்ர நடையும் மூன்றை அடிப்படையாகக் கொண்டதே. அவ்வாறாயின் இதனை ஆபிரிக்கருடையது என்பது எவ்வாறு என்பது முதல் மறுப்பு. இம்மறுப்பில் உண்மையுண்டு. எண்ணிக்கையை மாத்திரம் கொண்டு பிறப்பிடத்தை நிறுவுதல் இயலாது. கபிரிஞ்ஞாவின் மெட்டிலும் மொழியிலும் போர்த்துக்கேயக் கூறு மிகுதி என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் இங்கு கோரப்படுவது தனியுரிமையன்று, பங்கு. இசை வடிவத்தின் பெயர் ஆபிரிக்கரைச் சுட்டுகின்றது. பழைய கையெழுத்துப் பிரதி அவர்தம் பாடலெனத் தலைப்பிடுகின்றது. அவர்தம் வழிவந்தோர் அதனோடு உறவுடைய பாடலை இன்றும் பாடுகின்றனர். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கையில், போர்த்துக்கேயருக்கு முழு உரிமையையும் வழங்குவதே சான்றுக்கு மாறானது. கலப்பிற் பிறந்த கலைக்கு ஒரு தந்தையை மாத்திரம் கூறுவது, பெரும்பாலும் அதிகாரமுடைய தந்தையைக் கூறுவதாகவே முடியும்.

இரண்டாவது மறுப்பு, கலப்பிசை மரபிசையாகாது என்பது. இதற்கு விடை கண்டி நகரிலேயே உள்ளது. எசல பெரஹராவில் ஒலிக்கும் தவுலவும் தம்மெட்டமவும் தமிழரின் தவிலுக்கும் தம்பட்டத்துக்கும் உறவினவே. கண்டிய நடனத்தின் வன்னம் தமிழின் வண்ணத்தை நினைவூட்டுவது. 1739 தொடக்கம் கண்டியை ஆண்ட நாயக்க அரசரின் அவையில் தென்னிந்திய இசை செல்வாக்குப் பெற்றிருந்தது. இவையெல்லாம் கலந்ததனால் கண்டி மரபு மரபல்லாமற் போயிற்று என எவரும் கூறுவதில்லை. அரசவையிற் கலந்தால் மரபு, துறைமுகத்தில் அடிமைகள் நடுவே கலந்தால் கலப்படம் என்பது அளவுகோலன்று, சாய்வு.

கூத்தும் மஞ்சாவும்

ஒதுக்கப்பட்ட கலையை ஏற்று மதிப்பது பேராதனைக்குப் புதிய செயலன்று. கூத்தென்றாற் படியாதவர் இரவு முழுதும் ஆடும் ஆட்டம் எனப் படித்தவர் கருதிய காலமொன்று இருந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' நாடகம் சிங்கள நாட்டார் அரங்குக்குப் புதிய மதிப்பைத் தேடித்தந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியன அம்முயற்சியின் பேறுகள். அவர் கூத்து நூல்களைப் பதிப்பித்ததோடு அமையவில்லை. ஆட்டத்தையும் மத்தளத்தையும் அண்ணாவிமாரையும் மாணவர் முன் நிறுத்தினார். கூத்தின் உயிர் ஏட்டிலில்லை, ஆட்டத்திலும் அடியிலும் உள்ளது என்ற உண்மை அதனால் நிலைநாட்டப்பட்டது.

அதே உண்மையை ஒரு படி மேலே கொண்டுசெல்வதே இன்று வேண்டப்படுவது. கூத்தை மதிக்கக் கற்ற காது, தன் மொழியிற் பாடாதோரின் தாளத்தையும் கேட்கக் கற்றல் வேண்டும். மஞ்சாவை ஒலிப்பதிவாகவும் ஒளிப்பதிவாகவும் பேணுதல், பாடுவோரின் விருப்பத்தோடு அவர்தம் பெயரையும் சேர்த்தே பதிதல், பைலாவையும் பொப்பிசையையும் பற்றி எழுதும்போது கபிரிஞ்ஞாவின் வரலாற்றைக் கூறுதல், நாட்டார் பாடற் பாடத்திட்டத்திற் சொல்லோடு தாளத்தையும் பாடமாக்குதல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாத செயல்கள். அவற்றைக் காலந்தாழ்த்தவும் இயலாது. கிரியோற் பாடல்களின் பொருளை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

இதனைச் சிறுபான்மையினர்க்குக் காட்டும் இரக்கமெனக் கொள்ளுதல் பொருந்தாது. தம் மொழியும் கலையும் இந்நாட்டின் பண்பாட்டிற் பங்குடையன என்று கூறித் தமிழர் நெடுங்காலமாக வாதாடி வந்துள்ளனர். தொகையிற் சிறியோர் என்பதனால் ஒரு மக்களின் பங்கு மறைக்கப்படலாகாது என்பதே அவ்வாதத்தின் அடிப்படை. அந்நியாயத்தைத் தமக்குக் கேட்போர், தம்மினும் சிறிய சமூகமொன்றுக்கு அதனை மறுத்தல் அறமாகாது. மறுப்பின் அவர்தம் சொந்த வாதமே வலுவிழக்கும்.

பல்கலைக்கழக விடுதிகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இரவு நேரங்களிற் பைலா எழுவது கண்டிச் சாலைகள் நன்கறிந்த செய்தி. வாளியும் இருக்கையின் முதுகும் முழவாகின்றன. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே தாளத்தைத் தட்டுகின்றனர். கடுகண்ணாவை ஏற்றத்தில் அவ்வொலியோடு பேருந்து ஏறும் சாலை, ஒரு காலத்தில் மலைநாட்டை அடக்கிய படைகளும் அவற்றின் பொருள்களும் செல்வதற்கென வெட்டப்பட்டது. அப்படைகளில் நடந்த ஆபிரிக்கனின் தாளம் இன்று அப்பேருந்தினுள் இருக்கின்றது. தட்டுவோர் அதனை அறிந்து தட்டினால் பாட்டின் இன்பம் குறையப்போவதில்லை; தீராதிருக்கும் ஒரு கடன் மட்டும் சிறிது குறையும்.